நாணலைக் கரும்புக்கு உறவாக்கியவர்

பட்டினத்தடிகள் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்பர். அது அருளின் வழி நிகழ்ந்தது. காட்டு நாணலின் வலிமையை அறிவின் வழியே கரும்புக்குள் கொண்டுவந்த பெருமகனார் ஒருவரும் நம்மிடையே வாழ்ந்தார். அவரே கரும்பு அறிஞர் சர் டி. எஸ். வெங்கட்ராமன்.

1884-ஆம் ஆண்டில் பிறந்த அவர் தாவரவியல் கற்றவர். கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் டாக்டர் பார்பர் என்னும் ஆங்கிலேய அறிஞரின் துணைவராகப் பணிபுரிந்தார். அந்நாளில் வடநாட்டில் விளைந்தவை மெலிந்த கரும்புகள். ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. தெற்கின் தடித்த கரும்போ வடக்கின் பனியையும் வறட்சியையும் தாங்கவில்லை. கரும்பு பூத்து விதை பிடிக்கும் தட்பவெப்பம் கோவையில் இருந்தமையால் அங்கே கலப்பு முயற்சி நடந்தது.

வெள்ளை என்னும் கரும்பைத் தாயாகவும், எவரும் மதியாத நாணலைத் தந்தையாகவும் கொண்டு கோ 205 பிறந்தது. 1918-இல் வெளிவந்த அக்கரும்பு பஞ்சாப் மண்ணில் வேரூன்றியது. பின்னர் நிலையத்தின் தலைமையேற்ற வெங்கட்ராமன், கரும்பைச் சோளத்துடனும் மூங்கிலுடனும்கூடக் கலந்து பார்த்தார். அவர் காலத்தில் உருவான கோ 419 தென்னாட்டு வயல்களில் பெரும்புகழ் பெற்றது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அப்பெரியார் 1963-இல் மறைந்தார்.

அவர் முதலில் நாடியது விளைச்சலையும் தாங்கும் திறனையுமே. ஆயினும் அவர் திறந்த வழி இன்று பூச்சிகளை எதிர்க்கவும் பயன்படுகிறது. நம் விழுப்புரம் வட்டாரத்துக் கரும்பு உழவர் இளங்குருத்துப் புழுவையும் இடைக்கணுப் புழுவையும் நன்கறிவர். தண்டைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. நாணலின் தண்டோ மெல்லியது, நார் மிகுந்தது, கடினமானது. புழு துளைக்க அரும்பாடு படும். குருத்து சில பட்டாலும் பல தூர்கள் வெடித்து இழப்பை ஈடுசெய்யும். இப்பண்புகளைக் கரும்புக்கு ஊட்டும்போது இனிப்புக் குறையும். எனவே கலப்பினத்தை மீண்டும் மீண்டும் நற்கரும்போடு சேர்த்து, இனிப்பை மீட்டு, வலிமையை மட்டும் நிறுத்திக்கொள்ள வேண்டும். இது பல தலைமுறை நீளும் பொறுமையான பணி.

இங்கே எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் பரவலாகப் பயிரிடப்பெற்ற கோ 213 என்னும் கோவைக் கரும்பு, 1938-39-இல் செவ்வழுகல் நோய்க்கு இரையாயிற்று. ஒரே இரகத்தை எங்கும் நட்டால், ஒரே பகை எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆதலின் ஒரு நாணல் போதாது. பல இடத்து நாணல்களும், பேய்க்கரும்பு போன்ற பிற உறவினங்களும் வேண்டும். ஓரிடத்தில் அழிந்த நாணலுக்கு இன்னோரிடத்து நாணல் ஈடாகாது. அதனதன் பண்பு அதனதற்கே உரியது.

நண்பர்களே! பனமலை என்றதும் பல்லவர் எடுப்பித்த கோயில் நம் நினைவுக்கு வருகிறது. அக்கல்லைக் காப்பது போலவே, ஏரிக்கரையிலும் ஓடைக்கரையிலும் தானே முளைக்கும் புல்லையும் காத்தல் நம் கடன். களையென்று நாம் தீயிடும் ஒரு தூரில், நாளைய உழவனின் கரும்பைக் காக்கும் பண்பு உறங்கிக்கொண்டிருக்கலாம். வெங்கட்ராமனாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.