ரெண்டு பேர் பாடின கோரஸ்: கேரன் கார்ப்பென்டர்

இன்னைக்கு ஹாஸ்டல் ரூம்ல ஒரு லேப்டாப்பும் மைக்கும் இருந்தா போதும், ஒரே ஆள் பத்துக் குரல்ல பாடி கோரஸ் பண்ணிடலாம். 1970-ல கதையே வேற. காந்த நாடாவில் ஒரு குரலைப் பதிவு செஞ்சு, அதை ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே அடுத்த குரலைப் பாடணும். சுருதி கொஞ்சம் விலகினாலும் திரும்பப் பாடணும். இதுக்குப் பேர் ஓவர்டப்பிங். இப்படி ஒரு அண்ணனும் தங்கையும் மட்டுமே பாடி, ஒரு பெரிய கோரஸ் மாதிரி ஒலிக்க வச்ச ஆல்பம்தான் கார்ப்பென்டர்ஸ் குழுவின் 'க்ளோஸ் டு யூ'. அந்தத் தங்கை, கேரன் கார்ப்பென்டர்.

1950 மார்ச் 2 அன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார் கேரன். அண்ணன் ரிச்சர்ட் மூணு வயசு மூத்தவர், பியானோவில் கெட்டிக்காரர். வீட்டில் இசைன்னாலே ரிச்சர்ட்தான். 1963-ல் குடும்பம் கலிபோர்னியாவின் டவுனிக்குக் குடிபெயர்ந்தது. அங்க ஸ்கூல்ல பி.டி. பீரியடிலிருந்து தப்பிக்கத்தான் கேரன் பேண்டில் சேர்ந்தார். கையில் கொடுத்த குளோக்கன்ஸ்பீல் பிடிக்கல, டிரம்ஸைக் கேட்டு வாங்கிக்கிட்டார். 1966-ல் ரிச்சர்டின் மூவர் குழு ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த போட்டியில் ஜெயிச்சப்போ, டிரம்ஸ் வாசிச்சது 16 வயசு கேரன்!

1969-ல் ஏ அண்ட் எம் நிறுவனம் இவங்களை ஒப்பந்தம் செஞ்சது. முதல் ஆல்பம் சரியா விற்கல. அடுத்த வருஷம் ஆகஸ்டில் 'க்ளோஸ் டு யூ' வந்தது. பர்ட் பேக்கராக் இசையமைச்ச அந்தத் தலைப்புப் பாட்டு, அமெரிக்கத் தரவரிசையில் நாலு வாரம் முதலிடம். டிவியில் ஓடின ஒரு வங்கி விளம்பரப் பாட்டை ரிச்சர்ட் முழுப் பாட்டாக்க, அது ரெண்டாமிடம் வரை போச்சு. 1971-ல் ரெண்டு கிராமி விருதுகள்.

கேரனோட பலம் கீழ்ஸ்தாயி. கத்தாம, பக்கத்தில் உட்கார்ந்து பேசுற மாதிரி பாடுவார். ஆனா தன்னை முதலில் ஒரு டிரம்மராத்தான் நினைச்சார். டிரம்ஸுக்குப் பின்னால பாடுறவர் தெரியலைன்னு, மேடையில் அவரை முன்னால கொண்டு வந்து நிறுத்தினாங்க. ஒளிய ஒரு இடமில்லாம, எல்லார் கண்ணும் அவர் மேலயே.

உடம்பைப் பத்தின கவலை கொஞ்சம் கொஞ்சமா நோயா மாறுச்சு. 1975-ல் பிரிட்டன், ஜப்பான் பயணங்கள் ரத்தாகுற அளவுக்கு உடல் நலிஞ்சது. அனோரெக்ஸியா நெர்வோஸா என்ற இந்த நோய் அப்போ பொதுமக்களில் பலருக்குப் பேரளவில்கூடத் தெரியாது. சாப்பிட்டா சரியாயிடும்னு சொல்லித் தீர்க்க முடியாத மனநோய் அது.

1979-ல் நியூயார்க் போய், தயாரிப்பாளர் ஃபில் ரமோனுடன் தனி ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்ய ஆரம்பிச்சார். அண்ணனோட ஏற்பாடு இல்லாம, தானே எடுத்த முடிவு. முடிஞ்ச ஆல்பம் நிறுவனத்துக்கும் பிடிக்கல, ரிச்சர்டுக்கும் பிடிக்கல. ஓரங்கட்டிட்டாங்க. 1982-ல் அதே நியூயார்க்கில் நோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கிட்டு வீடு திரும்பினார். ஆனா பல வருஷப் பாதிப்பை இதயம் தாங்கல. 1983 பிப்ரவரி 4 அன்று டவுனியில் இறந்தார். வயசு 32. அந்தத் தனி ஆல்பம் வெளிவந்தது 1996-ல்.

அந்த மரணத்துக்குப் பிறகுதான் இந்த நோயைப் பத்திப் பத்திரிகைகள் விரிவா எழுதின. தங்கள் பிள்ளைக்கு என்ன நடக்குதுன்னு பல பெற்றோருக்குப் புரிஞ்சது.

நம்ம மெஸ்ல தினமும் தட்டைத் தள்ளி வைக்கிற ஒரு ஃப்ரெண்ட் இருக்கலாம். இளைச்சுட்டே, செமயா இருக்கேன்னு பாராட்டிட்டுப் போயிடாதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து எப்படி இருக்கேன்னு கேளுங்க. தேவைப்பட்டா டாக்டர்கிட்ட கூடவே போங்க. அப்புறம் ஒருநாள் ஹெட்போன் போட்டு 'க்ளோஸ் டு யூ' கேளுங்க. அந்தக் கோரஸ்ல எத்தனை குரல் கேரனோடதுன்னு எண்ணிப் பாருங்க.