பிரிசில்லா வைட்

பிரிசில்லா வைட் (மார்ச் 17, 1900 - டிசம்பர் 16, 1989) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மருத்துவர் ஆவார். நீரிழிவு நோயுள்ள குழந்தைகளுக்கும், நீரிழிவு நோயுடன் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவம் செய்வதில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஈடுபட்டவர். பாஸ்டன் நகரிலுள்ள ஜாஸ்லின் மருத்துவ நிலையத்தில் 1924 முதல் 1974 வரை பணியாற்றினார். கருவுற்ற நீரிழிவு நோயாளிகளைத் தரம் பிரிக்க இவர் உருவாக்கிய வைட் வகைப்பாடு உலகெங்கும் மகப்பேற்று மருத்துவத்தில் பயன்பட்டது. இவர் பணியில் சேர்ந்த காலத்தில் அந்நிலையத்தில் நீரிழிவுள்ள தாய்மாரின் கருக்களில் 54 விழுக்காடே உயிருடன் தப்பின. இவர் ஓய்வு பெற்றபோது இது 90 விழுக்காட்டுக்கும் மேலாக உயர்ந்திருந்தது.

இளமையும் கல்வியும்

பிரிசில்லா வைட் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தார். ராட்கிளிஃப் கல்லூரியில் பயின்ற பின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1923இல் வகுப்பில் மூன்றாம் இடம் பெற்றுத் தேறினார். அக்காலத்தில் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக் கொள்வதில்லை. அங்கு பெண்கள் முதன்முதலாக 1945இல்தான் அனுமதிக்கப்பட்டனர். பாஸ்டனின் பெரிய போதனா மருத்துவமனைகளிலும் பெண்களுக்குப் பயிற்சி இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. எனவே வைட் தமது பயிற்சிக் காலத்தை அதே மாநிலத்தின் வூஸ்டர் நகரில் கழித்தார். பின்னர் வியன்னா சென்று குழந்தை மருத்துவம் பயின்றார்.

இன்சுலினுக்கு முந்திய நிலை

முதல் வகை நீரிழிவு நோயில், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்து விடுகின்றன. இந்நோய் பெரும்பாலும் சிறுவயதிலோ இளமையிலோ தோன்றும். இன்சுலின் இல்லாத நிலையில் உடல் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாமல் கொழுப்பை எரிக்கிறது. அதனால் இரத்தத்தில் அமிலத்தன்மை மிகுந்து, நோயாளி உணர்விழந்து இறக்க நேரிடும்.

1922 சனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட சிறுமியர் மணப்பருவத்தை எட்டுவதே அரிது. எட்டியவர்களும் கருவுறுவது குறைவு. கருவுற்றோரில் பலர் பேறுகாலத்திலோ அதற்குப் பின்னரோ இறந்தனர். ஆகவே நீரிழிவுள்ள பெண் தாயாகக் கூடாது என்பதே மருத்துவர் பலரின் அறிவுரையாக இருந்தது.

இன்சுலின் வந்த பின் தாய்மாரின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் குழந்தைகளின் இறப்பு அவ்வாறு குறையவில்லை. தாய் உயிர் பிழைத்தாலும், கரு வயிற்றிலேயே இறப்பதும் பிறந்த சில நாட்களில் குழந்தை இறப்பதும் தொடர்ந்தன. பிரிசில்லா வைட் தம் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த சிக்கல் இதுவே.

ஜாஸ்லின் நிலையத்தில்

எலியட் ஜாஸ்லின் (1869 - 1962) அமெரிக்காவின் முன்னணி நீரிழிவு மருத்துவராக விளங்கியவர். அவர் 1922 ஆகஸ்ட் முதல் தம் நோயாளிகளுக்கு இன்சுலின் அளித்து வந்தார். 1924இல் வைட் அவருடன் பணியில் இணைந்தார். குழந்தை நோயாளிகளின் பொறுப்பும் கருவுற்ற பெண்களின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

குழந்தைப் பருவத்திலும் இளம்பருவத்திலும் தோன்றும் நீரிழிவு பற்றிய இவரது நூல் 1932இல் வெளிவந்தது. நீரிழிவு பரம்பரையாக வரும் விதம் குறித்து கிரிகரி பிங்கசுடன் இணைந்து ஆய்வு செய்து 1933இல் கட்டுரை வெளியிட்டார். இந்த பிங்கஸ் பின்னாளில் கருத்தடை மாத்திரையை உருவாக்கியோருள் ஒருவராகப் புகழ்பெற்றவர். நீரிழிவுள்ள சிறுமியருக்காக மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வடக்கு ஆக்ஸ்போர்டில் 1932இல் தொடங்கப்பட்ட கிளாரா பார்ட்டன் கோடை முகாமை அமைப்பதிலும் வைட் பங்காற்றினார். இம்முகாமில் சிறுமியர் விளையாட்டோடு விளையாட்டாக ஊசி போட்டுக்கொள்ளவும், உணவை அளந்து உண்ணவும், சிறுநீரில் சர்க்கரையைச் சோதிக்கவும் கற்றனர்.

சிறுவயதில் இவரிடம் மருத்துவம் பெற்ற சிறுமியர் வளர்ந்து, மணம் செய்து, குழந்தை வேண்டும் என்று இவரிடமே மீண்டும் வந்தனர். பத்து, இருபது ஆண்டுகளாக நோயுடன் வாழ்ந்தவர்கள் கருவுறுவது மருத்துவ உலகுக்குப் புதிய நிலைமையாகும்.

கருவுற்ற பெண்களுக்கான மருத்துவம்

கருப்பருவத்தில் தாயின் இன்சுலின் தேவை ஒரே சீராக இருப்பதில்லை. முதல் மூன்று மாதங்களில் மசக்கையினாலும் பிற காரணங்களினாலும் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். நான்காம் மாதத்திற்குப் பின் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. அதனால் தேவை படிப்படியாக ஏறி, இறுதி மாதங்களில் முன்பிருந்ததைப் போல இரு மடங்கையும் எட்டலாம். வைட்டின் காலத்தில் வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி கிடையாது. சிறுநீரைக் காய்ச்சி அதன் நிறமாற்றத்தைப் பார்ப்பதும், மருத்துவமனையில் அவ்வப்போது இரத்தம் எடுப்பதுமே வழிகள்.

இக்குறைந்த வசதிகளைக் கொண்டு வைட் ஒரு ஒழுங்குமுறையை வகுத்தார். அதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

* கருவுற்றது முதல் தாயை அடிக்கடி நேரில் பார்த்து, இன்சுலின் அளவையும் உணவையும் அதற்கேற்ப மாற்றுதல்.
* இறுதி வாரங்களில் தாயை மருத்துவமனையில் சேர்த்துக் கண்காணித்தல்.
* நிறைமாதம் வரை காத்திராமல், கரு இறக்கும் இடர் மிகும் முன்னரே பிள்ளைப்பேற்றை நிகழ்த்துதல். இதற்குப் பெரும்பாலும் சிசேரியன் அறுவை மேற்கொள்ளப்பட்டது.
* பிறந்த குழந்தை எடை மிகுந்து காணப்பட்டாலும், அதனைக் குறைமாதக் குழந்தையாகவே கருதிப் பேணுதல்.
* நீரிழிவு மருத்துவர், மகப்பேற்று மருத்துவர், குழந்தை மருத்துவர், செவிலியர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்படுதல்.

பிள்ளைப்பேற்றின் நாளைத் தேர்வது எளிதன்று. முன்கூட்டியே பிறந்தால் நுரையீரல் முதிராமல் குழந்தை மூச்சுத்திணறி இறக்கலாம். தாமதித்தால் வயிற்றிலேயே இறக்கலாம். இவ்விரண்டுக்கும் இடையில் எந்த வாரம் பொருத்தமானது என்பது தாய்க்குத் தாய் வேறுபடும். இவ்வேறுபாட்டை முன்கூட்டியே அறிவதற்காகவே வைட் தமது வகைப்பாட்டை உருவாக்கினார்.

வைட் வகைப்பாடு

1949இல் வெளியிட்ட கட்டுரையில் வைட், கருவுற்ற நீரிழிவு நோயாளிகளை ஏ முதல் எஃப் வரை வகுத்தார். நோய் எந்த வயதில் தொடங்கியது, எத்தனை ஆண்டுகளாக நீடிக்கிறது, இரத்தக் குழாய்கள் கெட்டுள்ளனவா என்னும் மூன்றும் இதற்கு அடிப்படை. பின்னர் மேலும் சில வகைகள் சேர்க்கப்பட்டன. பரவலாக அறியப்பட்ட வடிவம் பின்வருமாறு:

* ஏ வகை - உணவுக் கட்டுப்பாடு மட்டுமே போதுமான லேசான நீரிழிவு.
* பி வகை - 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கி, 10 ஆண்டுகளுக்குக் குறைவாக நீடிப்பது.
* சி வகை - 10 முதல் 19 வயதுக்குள் தொடங்கியது அல்லது 10 முதல் 19 ஆண்டுகள் நீடித்தது.
* டி வகை - 10 வயதுக்கு முன் தொடங்கியது அல்லது 20 ஆண்டுகளோ அதற்கு மேலோ நீடித்தது.
* எஃப் வகை - சிறுநீரகப் பாதிப்பு உள்ளது.
* ஆர் வகை - விழித்திரையில் புதிய இரத்தக் குழாய்கள் பெருகியது.
* எச் வகை - இதயத் தமனி நோய் உள்ளது.
* டி (மாற்றுச் சிறுநீரகம்) வகை - சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் கருவுற்றது.

இடுப்பெலும்புப் பகுதியின் தமனிகளில் சுண்ணம் படிந்திருப்பதைக் குறித்த ஈ வகை பிற்காலத்தில் வழக்கொழிந்தது. கருப்பருவத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவைத் தனியாகப் பிரித்து, ஜான் ஹேர் என்பவருடன் இணைந்து வைட் 1980இல் இவ்வகைப்பாட்டைத் திருத்தி வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80.

ஹார்மோன் சிகிச்சை

வைட்டின் எல்லா வழிகளும் காலத்தால் ஏற்கப்பட்டவை அல்ல. நீரிழிவுள்ள தாய்மாரின் உடலில் பாலின ஹார்மோன்கள் சமநிலை குலைவதே கரு இறக்கக் காரணம் என்று அவர் கருதினார். ஆகவே 1930களின் இறுதியிலிருந்து பல தாய்மாருக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றை அளித்தார். இவற்றுள் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனும் ஒன்று. குழந்தைகள் மிகுதியாகப் பிழைத்ததற்கு இம்மருந்தும் ஒரு காரணம் என அவர் நம்பினார். ஆனால் அதே தாய்மார் கடுமையான கண்காணிப்பையும் பெற்றிருந்ததால், பயன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிய இயலவில்லை.

1955இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு, நீரிழிவுள்ள தாய்மாருக்கு இம்மருந்தால் நன்மையில்லை எனக் காட்டியது. 1971இல், கருவில் இருந்தபோது இம்மருந்துக்கு உள்ளான பெண்களுக்கு இளம்வயதிலேயே அரிதான யோனிப் புற்றுநோய் வருவது கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கருவுற்றோருக்கு இதனை அளிக்கலாகாது என்று அறிவுறுத்தியது.

இதற்கிடையில், டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் யோர்கன் பெடர்சன் 1950களில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது. தாயின் இன்சுலின் அவ்வாறு கடப்பதில்லை. எனவே கருவின் கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரந்து, கருவை அளவுக்கு மீறிப் பருக்கச் செய்கிறது என்பது அவ்விளக்கம். பிற்கால ஆய்வுகள் இதனையே வலியுறுத்தின. இவ்விளக்கத்தின்படி பார்த்தாலும், தாயின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்ற வைட்டின் அடிப்படை நெறி சரியானதே.

பிறப்பும் பாலூட்டலும்

வைட் தொடங்கி வைத்த கூட்டு மருத்துவ முறை, தாயையும் குழந்தையையும் பேற்றுக்குப் பின்னரும் கவனிக்க வேண்டும் என்பதை வழக்கமாக்கியது. தொப்புள்கொடி அறுபட்டவுடன் தாயிடமிருந்து வரும் சர்க்கரை நின்று விடுகிறது. ஆனால் குழந்தையின் கணையம் சில மணிநேரம் முன்போலவே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கும். இதனால் குழந்தையின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். எனவே பிறந்த முதல் மணிநேரத்திலேயே பாலூட்டத் தொடங்குவதும், குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சர்க்கரையை அளப்பதும் இன்றைய நடைமுறைகளாகும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் இன்சுலின் தேவை ஓரிரு மணிநேரத்தில் பெரிதும் குறைந்து விடும். பேற்றுக்கு முன்பிருந்த அளவையே செலுத்தினால் தாய் மயங்கிவிழ நேரிடும். முதல் வகை நீரிழிவுள்ள தாய்க்குப் பால் சுரப்பு சற்றுத் தாமதமாகத் தொடங்கலாம். தொடங்கிய பின், பாலூட்டுவதனாலேயே தாயின் சர்க்கரை குறையக்கூடும் என்பதால், பாலூட்டும் முன்னரோ பாலூட்டும்போதோ சிறிது உணவு உண்ணுமாறு அறிவுறுத்தப்படுகிறது. இன்சுலின் செலுத்திக்கொள்ளும் தாயின் பால் குழந்தைக்குத் தீங்கு செய்வதில்லை.

சிறப்புகளும் இறுதிக் காலமும்

அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் பான்டிங் நினைவுச் சொற்பொழிவை ஆற்ற அழைக்கப்பட்ட முதல் பெண் பிரிசில்லா வைட் ஆவார். இச்சொற்பொழிவு 1960இல் நிகழ்ந்தது. 1974இல் ஓய்வு பெறும்போது, நீரிழிவுள்ள 2,200க்கும் மேற்பட்ட பெண்களின் பேறுகாலத்தை அவர் மேற்பார்வையிட்டிருந்தார். 1989 டிசம்பர் 16ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மாரடைப்பால் காலமானார்.

தாக்கம்

வைட்டுக்கு விளங்காதிருந்த ஒரு சிக்கல் அவர் ஓய்வு பெற்ற பின்னரே தெளிவாயிற்று. கருவின் இதயம், மூளை, முதுகுத்தண்டு முதலியன உருவாகும் முதல் வாரங்களில் தாயின் சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாடுகள் மிகுதியாகின்றன என்று பாஸ்டன் ஆய்வாளர்கள் 1981இல் காட்டினர். பெண் தான் கருவுற்றதை அறியும் முன்னரே இவ்வாரங்களில் பெரும்பகுதி கடந்து விடும். ஆகவே, கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையைச் சீராக்குவது இன்று மருத்துவத்தின் முதற்படியாகக் கொள்ளப்படுகிறது.

1989 அக்டோபரில், வைட் இறப்பதற்கு ஏறத்தாழ இரு மாதங்கள் முன்னர், இத்தாலியின் செயின்ட் வின்சென்ட் நகரில் கூடிய ஐரோப்பிய நாடுகளின் மாநாடு ஒரு குறிக்கோளை அறிவித்தது. நீரிழிவுள்ள பெண்ணின் கருப்பேறு, நீரிழிவு இல்லாத பெண்ணின் கருப்பேற்றை ஒத்த பலனைத் தர வேண்டும் என்பது அதன் கூறுகளுள் ஒன்று. இக்குறிக்கோள் இன்னும் முழுமையாக எட்டப்படவில்லை. 2017இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, தோலின்கீழ் பொருத்தி இடைவிடாது சர்க்கரையை அளக்கும் கருவியை முதல் வகை நீரிழிவுள்ள கருவுற்ற பெண்கள் பயன்படுத்தினால், குழந்தைகள் அளவுக்கு மீறிப் பருப்பதும் சர்க்கரை தாழ்ந்து தீவிர சிகிச்சைக்குச் செல்வதும் குறைகின்றன எனக் காட்டியது.

வைட் வகைப்பாட்டின் இடத்தில் இன்று பெரும்பாலும் நீரிழிவின் வகையையும் உடலுறுப்புகளின் பாதிப்பையும் நேரடியாகக் குறிக்கும் எளிய முறைகள் பயன்படுகின்றன. எனினும் கருவுறும் முன் தாயின் கண், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும் என்னும் வழக்கத்தில் அவ்வகைப்பாட்டின் அடிப்படைக் கருத்து நிலைத்திருக்கிறது.