பாய்லர் ஆலையில் பிறந்த ஸ்கேன்: யார் இந்த இயான் டொனால்டு?

சிரோசிஸ் இருப்பவர்களை 6 மாதத்துக்கு ஒரு முறை வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள் டாக்டர்கள். வலி இல்லை, வேலைக்கும் போய்வர முடிகிறது, அப்புறம் எதுக்கு ஸ்கேன் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஸ்கேன் மெஷின் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், அதற்கான பதிலும் புரியும்.

போர் கற்றுக்கொடுத்த பாடம்

இயான் டொனால்டு 1910-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பின் பிற்பகுதியும் கல்லூரிப் படிப்பும் தென்னாப்பிரிக்காவில். பிறகு லண்டன் திரும்பி மருத்துவம் படித்து, 1937-ல் டாக்டரானார்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் மருத்துவ அதிகாரி. குண்டுகளோடு எரிந்துகொண்டிருந்த விமானத்துக்குள் புகுந்து வீரர்களை மீட்டதற்காக விருதும் கிடைத்தது. ரேடார், சோனார் இரண்டும் அவருக்குப் பழக்கமானது அந்தக் காலத்தில்தான். ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பதுதான் சோனார். இதே வேலையை மனித உடம்பில் செய்ய முடியாதா என்ற யோசனை அவரை விடவில்லை.

கார் டிக்கியில் கட்டிகள்

1954-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் ஆனார். பக்கத்தில் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற பாய்லர் தயாரிப்பு ஆலை. உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒலி அலைக் கருவி வைத்திருந்தார்கள்.

1955 ஜூலையில், ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகள், சினைப்பை நீர்க்கட்டிகளைக் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு அந்த ஆலைக்கே போய்விட்டார் டொனால்டு. ஒப்பிட்டுப் பார்க்க, ஆலைக்காரர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைத் தயாராக வைத்திருந்தார்கள். முடிவு தெளிவாக இருந்தது. கெட்டியான கட்டி ஒரு மாதிரியும், நீர் நிறைந்த கட்டி வேறு மாதிரியும் எதிரொலித்தன.

ஆஸ்திரியாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு முன்பே இப்படி முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஆனால், இதை ஆஸ்பத்திரியில் தினமும் பயன்படுத்தும் கருவியாக மாற்றியதில் டொனால்டு குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. கெல்வின் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தின் இளம் இன்ஜினீயர் டாம் பிரவுன், டாக்டர் ஜான் மெக்விக்கர் இருவரும் அவரோடு சேர்ந்தார்கள்.

கைவிடப்பட்ட ஒரு பெண்

ஆரம்பத்தில் பல டாக்டர்கள் இதை நம்பவில்லை. ஒரு நோயாளி அதை மாற்றினார். வயிறு வீங்கிப்போய் வந்த அந்தப் பெண்ணுக்கு, ஆபரேஷன் செய்ய முடியாத அளவுக்கு முற்றிய வயிற்றுப் புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். டொனால்டு குழு ஒலி அலை வைத்துப் பார்த்தபோது தெரிந்தது தெளிவான சுவர் கொண்ட பெரிய நீர்க்கட்டி. ஆபரேஷன் செய்தார்கள். அது சினைப்பையில் வளர்ந்த, புற்றுநோய் அல்லாத கட்டி. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார்.

1958 ஜூனில் இந்தக் குழுவின் ஆய்வுக் கட்டுரை தி லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வயிற்றுக் கட்டிகளை ஒலி அலையால் பார்ப்பதுதான் அதன் மையம். கர்ப்பிணிகளுக்கான ஸ்கேன் வளர்ந்ததும் இந்த வேலையிலிருந்துதான்.

இதய நோயால் பலமுறை ஆபரேஷன் செய்துகொண்டும் வேலையை விடாத டொனால்டு, 1976-ல் ஓய்வு பெற்றார். 1987 ஜூனில் காலமானார்.

கல்லீரலுக்கு ஏன் இந்த ஸ்கேன்?

கல்லீரல் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வலி, எடைக் குறைவு, மஞ்சள் காமாலை என்று வெளியே தெரியும்போது பலருக்கும் நோய் முற்றியிருக்கும். கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஆபரேஷன், கட்டியைச் சுட்டு அழிக்கும் சிகிச்சை, கல்லீரல் மாற்று என வழிகள் உண்டு.

இது எல்லோருக்குமான ஸ்கேன் இல்லை. சிரோசிஸ் உள்ளவர்களுக்கும், நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கும்தான். ஹெபடைட்டிஸ் பி உள்ள ஆசியர்களில் ஆண்களுக்கு 40 வயது, பெண்களுக்கு 50 வயது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. வெறும் கொழுப்புக் கல்லீரல் இருந்து சிரோசிஸ் இல்லை என்றால் பொதுவாக இது தேவைப்படாது. 6 மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட், கூடவே ஏஎஃப்பி என்ற ரத்தப் பரிசோதனை. 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் புதுக் கட்டி தெரிந்தால் சிடி அல்லது எம்ஆர்ஐ எடுப்பார்கள்.

இதில் குறையும் உண்டு. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் படம் தெளிவாக விழாது. சின்னக் கட்டி தப்பிவிடலாம். ஒரு ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டால் போதாது, அடுத்ததற்கும் போக வேண்டும் என்பது இதனால்தான்.

பாதிப் பேர் வராமலே...

சீனாவின் ஷாங்காய் நகரில் 18,816 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2004-ல் வெளியானது. 6 மாதத்துக்கு ஒரு முறை பரிசோதிக்கப்பட்ட குழுவில் கல்லீரல் புற்றுநோய் மரணங்கள் 37% குறைவு. ஆய்வு நடத்திய விதம் பற்றி விமர்சனங்கள் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. செய்ய வேண்டிய பரிசோதனைகளில் 60 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நடந்தன. பாதிக்குக் கொஞ்சம் மேல் வந்ததற்கே இந்தப் பலன்!

முடிந்துவிட்டது என்று கைவிடப்பட்ட பெண்ணை, உள்ளே ஒரு தடவை பார்த்ததால் டொனால்டு காப்பாற்றினார். கல்லீரல் விஷயத்தில் ஒரு தடவை போதாது. வீட்டில் யாருக்காவது சிரோசிஸோ ஹெபடைட்டிஸ் பி-யோ இருந்தால், இந்த ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். தேவை என்றால், அடுத்த தேதியை இப்போதே போன் காலண்டரில் போட்டுவிடுங்கள்.