சாமிக்கண்ணு வின்சென்ட்டின் கணக்கு

தென்காசியில் என் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஒரு பழைய திரையரங்கு பூட்டிக் கிடக்கிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அதன் கூரைத் தகரங்களின் இடைவெளியில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிடும். நாற்காலிகள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. டிக்கெட் கொடுத்த சிறு சன்னல் மட்டும் இன்னும் இருக்கிறது. என் சிறு வயதில், இரண்டாம் ஆட்டம் முடிந்து திரும்புவோரின் பேச்சொலி கேட்டுத்தான் எங்கள் தெருவினர் நேரத்தை அறிந்துகொள்வார்கள்.

அந்தத் திரையரங்கு மூடப்பட்டதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. படச்சுருள் போய் டிஜிட்டல் முறை வந்த காலத்தில், புதிய கருவிகளை வாங்குவதா, தொழிலை விட்டுவிடுவதா என்று முடிவு செய்ய முடியாமல் உரிமையாளர் குடும்பத்தார் என்னிடம் வந்தனர். பொருளியல் பேராசிரியர் என்பதால் கணக்குப் போட்டுச் சொல்லும்படி கேட்டார்கள். நானும் போட்டேன். இருக்கைகளின் எண்ணிக்கை, டிக்கெட் விலை, விநியோகஸ்தர் பங்கு, வரி, மின்கட்டணம், கருவிக்கான கடன், அதன் வட்டி எல்லாம் அதில் இருந்தன. தேறாது என்பதே விடை. அவர்கள் என் சொல்லை ஏற்றுக்கொண்டு அரங்கைச் சரக்குக் கிடங்காக வாடகைக்கு விட்டனர். பின்னர் அந்த வாடகையும் நின்றுபோனது.

அந்தக் கூட்டலிலும் கழித்தலிலும் தவறில்லை என்று இப்போதும் நம்புகிறேன். ஆனால், டிக்கெட் வருவாயை மட்டுமே வரவாக எழுதியது சரியா என்ற ஐயம் அண்மையில் எழுந்தது. அந்த ஐயத்தை எழுப்பியவர், நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட கோயம்புத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட். தமிழ்நாட்டுத் திரையரங்குத் தொழிலின் முன்னோடி என்று அவரைப் பலரும் அறிவர். அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

1883-இல் கோயம்புத்தூரில் பிறந்த வின்சென்ட், இளமையிலேயே தென்னிந்திய ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் வரைவாளர் எழுத்தர் பணி. மாத ஊதியம் 25 ரூபாய். நெல்லையிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கும், அங்கிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கும் இருப்புப்பாதை போடப்பட்டு வண்டிகள் ஓடத் தொடங்கியது ஏறக்குறைய அதே காலத்தில்தான். அந்த வண்டிகளை இயக்கியதும் அவர் வேலை பார்த்த அதே ரயில்வேதான்.

1905-இல் டுபோன்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப்படங்களை ஊர் ஊராகக் காட்டியபடி திருச்சிக்கு வந்து சேர்ந்தார். அங்கே உடல்நலம் குன்றவே, தம்மிடமிருந்த படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விற்றுவிட்டு நாடு திரும்ப எண்ணினார். அப்படங்களுள் இயேசுநாதரின் வாழ்க்கையைக் கூறும் படமும் ஒன்று. விலை சுமார் 2,000 ரூபாய். 25 ரூபாய் சம்பளக்காரருக்கு அது 80 மாத ஊதியம். ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஆறு ஆண்டுகளும் எட்டு மாதங்களும் ஆகும். என்னிடம் யோசனை கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வின்சென்ட் எப்படியோ பணத்தைத் திரட்டிக் கருவியை வாங்கினார், வேலையையும் விட்டார்.

அவர் முதலில் கட்டடம் எதையும் எழுப்பவில்லை. கூடாரத்தோடு புறப்பட்டார். ஓர் ஊரில் கூட்டம் குறைந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார். பொருளியல் மொழியில் சொன்னால், தேவை எங்கே இருந்ததோ அங்கே முதலீட்டை நகர்த்தினார். ஊமைப்படக் காலத்தில் மொழியும் தடையாக இல்லை. இருப்புப்பாதை போகும் ஊர்களுக்கெல்லாம் அவருடைய கூடாரமும் போனது. தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து பம்பாய், லாகூர், பெஷாவர் என்றும், கடல் கடந்து ரங்கூன் என்றும் அந்தப் பயணம் நீண்டது. 1909-இல் சென்னையில் கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். பிரான்சின் பாத்தே நிறுவனத்துக் கருவிகளை விற்கும் முகவராகவும் ஆனார். மற்றவர்கள் இத்தொழிலில் இறங்குவதற்கு வேண்டிய கருவிகளை அவரே விற்றார். போட்டி பெருகும் என்று அஞ்சாமல், தொழில் பெருகினால் தமக்கும் நன்மை என்று எண்ணியவர் அவர்.

ஒன்பது ஆண்டுகள் நாடோடியாகத் திரிந்தபின், 1914-இல் சொந்த ஊரில் ஒரு நிலையான அரங்கைக் கட்டினார். தென்னிந்தியர் ஒருவர் எழுப்பிய திரையரங்குகளுள் மிகப் பழமையானவற்றில் அதுவும் ஒன்று. அதற்கு அவர் இட்ட பெயர் வெரைட்டி ஹால். பெயரில் படமும் இல்லை, திரையும் இல்லை. பலவகை நிகழ்ச்சிகளுக்கான கூடம் என்பதே பொருள். அந்தப் பெயர் பின்னர் தெருவுக்கும் ஆகி, கோவையில் வெரைட்டி ஹால் சாலை என்று இன்றும் வழங்குகிறது.

என்னை மிகவும் சிந்திக்க வைத்தது அவர் மின்சாரத்தைக் கையாண்ட விதம். பைக்காரா நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கியது 1932-இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே திரையில் படம் விழ வேண்டுமானால் அரங்குக்காரரே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கான இயந்திரம் விலை மிகுந்தது. படமோ மாலையிலும் இரவிலும் மட்டுமே ஓடும். பகலெல்லாம் அந்த முதலீடு சும்மா கிடக்கும். வின்சென்ட் அதைச் சும்மா கிடக்க விடவில்லை. மின்சாரத்தில் இயங்கும் அரவை ஆலையையும் அச்சகத்தையும் நிறுவினார். அக்கம்பக்கத்துக்கு மின்சாரம் வழங்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். ஒரே முதலீட்டின் சுமையைப் பல வருவாய்களின்மீது பகிர்ந்து ஏற்றும் இந்த முறையை, கூட்டு உற்பத்தி என்ற தலைப்பில் 30 ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நடத்தியவன் நான். ஆனால், எங்கள் ஊர் அரங்குக்குக் கணக்குப் போட்டபோது அது என் நினைவுக்கு வரவேயில்லை.

கோவையில் எடிசன், ரெயின்போ, பேலஸ் முதலிய அரங்குகளும் அவர் பொறுப்பில் நடந்தன. 1931-இல் காளிதாஸ் வெளிவந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது, ஊமைப்படத்தை நம்பியிருந்த பலர் திகைத்து நின்றனர். ஒலிக்கருவி வாங்க வேண்டும். அரங்கின் அமைப்பையும் மாற்ற வேண்டும். டிஜிட்டல் முறை வந்தபோது எங்கள் ஊர்க்காரர்களுக்கு நேர்ந்த அதே நெருக்கடிதான். வின்சென்ட் பேசும்படத்தை வரவேற்றதோடு நில்லாமல், கல்கத்தா பயனியர் நிறுவனத்தோடு சேர்ந்து டி.பி.ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் படத்தை 1933-இல் உருவாக்கினார். படம் நல்ல வெற்றி பெற்றது. தமிழ்ப் படம் எடுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போக வேண்டியிருந்த நிலையை மாற்றவே, கோவை முதலீட்டாளர்கள் பலரோடு இணைந்து சென்ட்ரல் ஸ்டுடியோ உருவாவதில் பங்கேற்றார். சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட ஹரிதாஸ் பின்னாளில் அங்கேதான் தயாரானது. அந்தப் பெருமையைக் காண அவர் இல்லை. 1942-இல் அவர் காலமானார்.

வெரைட்டி ஹால் பின்னாளில் டிலைட் என்ற பெயரில் பல தலைமுறைகளுக்குப் படம் காட்டியது. சில ஆண்டுகளுக்கு முன் அதுவும் இடிக்கப்பட்டது. 1952-இல் பராசக்தி படத்தோடு திறக்கப்பட்ட மதுரை தங்கம் திரையரங்கு இருந்த இடத்தில் இன்று துணிக்கடை இருக்கிறது. சென்னை அண்ணா சாலையில் 1913-இல் தொடங்கப்பட்ட எலெக்ட்ரிக் தியேட்டர் கட்டடம் மட்டும் தப்பிப் பிழைத்தது. அஞ்சல் துறையின் கைக்குப் போனதே அதற்குக் காரணம். வருவாய் தராத கட்டடத்தை வெறும் பாசத்தால் நிலைநிறுத்த முடியாது என்பதற்கு இவை சான்றுகள். அதனால்தான் உணர்ச்சியை ஒதுக்கிவைத்து வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

வழிகள் இல்லாமலும் இல்லை. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அங்கே மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகமே திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா ஆகிய அரங்குகளை நடத்துகிறது. லண்டனின் பீனிக்ஸ் திரையரங்கு அலுவலகக் கட்டடமாக மாறவிருந்த நிலையில், 1985 முதல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்து காப்பாற்றப்பட்டது. ரோம் நகரில் மூடிக்கிடந்த திரையரங்குகளுக்காகப் போராடிய இளைஞர்கள், 2021-இல் ட்ராய்சி என்ற அரங்கைத் திறந்தனர்; அது படிப்பகமாகவும் இயங்குகிறது. ரோம் இளைஞர்கள் வின்சென்ட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், ஒரு கூடம் பகலிலும் பயன்பட வேண்டும் என்ற அவருடைய முடிவுக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தென்காசி போன்ற ஊருக்கு இது நன்றாகவே பொருந்தும். 2019-இல் தனி மாவட்டமான பின்பு இங்கே அலுவலகங்கள் பெருகியுள்ளன. கூட்டம் நடத்த, பயிற்சி அளிக்க, கலை நிகழ்ச்சி அரங்கேற்றக் கூடங்கள் தேவை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்துக்கு வரும் மக்களுக்கு அருவி தவிர மாலைப்பொழுதைக் கழிக்க இடங்கள் குறைவு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பகலில் அமைதியான ஓரிடம் தேடி அலைகிறார்கள். இவை அனைத்துக்கும் ஒரே கூடம் உதவ முடியும். மாலையில் அங்கே படமும் ஓடலாம்.

இதற்கு அரசு பெருந்தொகை எதையும் தர வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திரைப்படங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி திரையரங்குக்கு உரிமம் வேண்டும். கட்டட உறுதி, மின்சாரம், தீயணைப்பு, சுகாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் சான்று பெற வேண்டும். மக்கள் கூடும் இடம் என்பதால் பாதுகாப்பில் தளர்வு கூடாது. கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தை நாம் மறந்துவிடவில்லை. ஆனால், இச்சான்றுகளை ஒரே இடத்தில், குறித்த கால எல்லைக்குள் வழங்கலாம். பழைய அரங்கைப் பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடன் தரலாம். படம் தவிர்த்த பயன்பாட்டுக்கும் சேர்த்தே உரிமம் வழங்கலாம். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்குச் சரக்கு-சேவை வரி 2025 செப்டம்பரில் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சிற்றூர் அரங்குகளுக்கு இது நல்ல செய்தி. திரையுலகினரும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். டிஜிட்டல் திரையிடல் கட்டணத்துக்காக 2018-இல் புதுப்படங்களே வெளிவராமல் வாரக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தத்தில், பெரிய அரங்குகளைவிட ஒற்றைத் திரை அரங்குகளே அதிகம் தளர்ந்துபோயின.

கைப்பேசியிலேயே படம் பார்க்கும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். குற்றாலத்தில் சித்திர சபை என்று ஒன்று உண்டு. மற்றச் சபைகளில் திருமேனியாக ஆடும் இறைவன் இங்கே ஓவியமாக ஆடுகிறான். பலர் ஒன்றாகக் கூடி ஒரே சித்திரத்தைப் பார்ப்பதற்கென்று நம் முன்னோர் கூரை எழுப்பினார்கள். அந்தப் பழக்கம் நம்மிடம் திரைப்படத்தோடு வந்ததன்று. அருகில் அமர்ந்திருப்பவர் யாரென்று தெரியாமலேயே அவரோடு சேர்ந்து சிரிக்கவும் கண்கலங்கவும் ஓர் இடம் ஊருக்கு வேண்டும். சாதிவாரியாகக் குடியிருப்புகள் பிரிந்து கிடந்த ஊர்களில், டிக்கெட் வாங்கிய எவரும் எவரருகிலும் அமரலாம் என்ற நிலையைத் திரையரங்கு கொண்டுவந்தது. என் கணக்கில் இதற்கும் ஓர் இலக்கம் இல்லாமல் போயிற்று.

சிதைந்தது மீளாது என்று தென்காசிக்காரர்கள் சொல்லக்கூடாது. காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியர், பிற்காலத்தில் கோயிலுக்குக் குறை நேர்ந்தால் அதைச் சீர்செய்வோரை முன்கூட்டியே தாம் வணங்குவதாகக் கல்லில் பொறித்து வைத்தார். நெடுங்காலம் மொட்டையாக நின்ற அதன் ராஜகோபுரம் மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. அகலப்பாதைப் பணிக்காக 2010-இல் நின்ற செங்கோட்டை-புனலூர் ரயில், எட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஓடியது.

சென்ற மாதம் அந்தத் திரையரங்கு உரிமையாளரின் பேரன் என்னைத் தேடி வந்தார். இடத்தை வாங்க ஒருவர் முன்வந்திருப்பதாகவும், கொடுத்துவிடலாமா என்றும் கேட்டார். இரண்டு மாதம் பொறுக்கும்படி சொல்லியிருக்கிறேன். புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இம்முறை டிக்கெட் வருவாய் ஒரு வரிதான். அதன் கீழே இன்னும் பல வரிகள் இருக்கின்றன. கூட்டிப் பார்த்தபின் தேறாது என்றே விடை வந்தாலும் அதையும் மறைக்காமல் அவரிடம் சொல்வேன்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).