இரண்டு கண்களின் கணக்கு: சார்ள்ஸ் வீட்ஸ்டனும் வீட்டுக்குள் வந்த முப்பரிமாணப் படமும்

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு வீட்ஸ்டன் என்ற பெயர் புதிதல்ல. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலைநேர ரியூசன் வகுப்புகளில் இன்றைக்கும் அவருடைய பாலம் கரும்பலகையில் வரையப்படுகிறது. நான்கு தடைகள், நடுவில் ஒரு கல்வனோமானி. ஆனால் அந்தப் பாலத்தை முதலில் அமைத்தவர் அவரல்ல. 1833இல் சாமுவேல் ஹன்ரர் கிறிஸ்ரி என்பவர் அமைத்ததை, பத்து வருடங்களுக்குப் பிறகு அதன் பயனை விளக்கி ஊரறியச் செய்தவர்தான் வீட்ஸ்டன். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

அவர் உண்மையாகவே கண்டுபிடித்த ஒன்று இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரையரங்கில் நாம் பார்க்கும் முப்பரிமாணப் படம், தலையில் மாட்டும் கருவிக்குள் தெரியும் காட்சி எல்லாவற்றுக்கும் அடிப்படை அவர் 1838இல் எழுதிய ஒரு கட்டுரை. கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் அப்படியொரு கருவியைக் கொண்டுவருகிறார். கடையில் பழைய முப்பரிமாணத் தொலைக்காட்சி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா, காசுக்குப் பிரயோசனம் உண்டா என்று தொடர்மாடி வீடுகளில் பேச்சு வருகிறது. அந்தக் கேள்விக்கான பதிலின் பெரும்பகுதி இந்த மனிதரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

சார்ள்ஸ் வீட்ஸ்டன் 1802 பெப்ரவரி 6ஆம் திகதி இங்கிலாந்தின் குளொஸ்ரர் நகருக்கு அருகே பிறந்தார். குடும்பம் இசையோடு பிழைத்தது. அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. பதினான்கு வயதில் இசைக்கருவி செய்யும் பெரியதகப்பனாரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டார். தொழிலைவிடப் புத்தகத்தில்தான் பொடியனுக்கு நாட்டம். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. பழைய புத்தகக் கடையில் மின்சாரம் பற்றிய ஒரு பிரெஞ்சு நூலைக் கண்டு, சில்லறை சேர்த்து வாங்கினார். பிறகு அதை வாசிக்க அகராதி வாங்கச் சேர்த்தார். கடைசியில் மின்கலம் செய்யச் செப்புத் தகடு வாங்கக் காசில்லாமல், கையிலிருந்த செப்புக் காசுகளையே தகடாக அடுக்கினாராம்.

1821இல், பத்தொன்பது வயதில், லண்டன் மக்களை அவர் வியக்கவைத்தார். கூரையிலிருந்து கம்பியில் ஒரு யாழ் தொங்கும். யாரும் தொடாமலே அது பாடும். மேல்மாடியில் வாசிக்கப்பட்ட வாத்தியங்களின் அதிர்வு கம்பி வழியே கீழே இறங்கி வந்ததுதான் இரகசியம். கீழே நின்றவர்கள் யாழில் இசை இருப்பதாக நினைத்தார்கள். புலன்கள் எப்படி நம்புகின்றன என்ற கேள்வி அந்த வயதிலேயே அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு கொன்சேர்ட்டினா என்ற கையடக்கத் துருத்தி வாத்தியமும் அவர் கையிலிருந்து பிறந்தது.

பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாத அந்த வாத்தியக்காரர், 1834இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் பேராசிரியரானார். ஆனால் சபைக் கூச்சம் அவரை விடவில்லை. ஆட்கள் முன்னால் நின்று பேசுவது அவருக்குப் பெரும் வேதனை. அவருடைய ஆய்வுகள் சிலவற்றைப் புகழ்பெற்ற விஞ்ஞானி மைக்கல் பரடேயே சபைகளில் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது.

1838 ஜூன் மாதம் அவருடைய கட்டுரை ரோயல் சொசைட்டியின் முன் வந்தது. அவர் கேட்ட கேள்வி மிக எளியது. மனிதனுக்கு இரண்டு கண்கள். அவற்றுக்கிடையே ஏறக்குறைய ஆறரை சென்ரிமீற்றர் இடைவெளி. ஆகவே ஒவ்வொரு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு கோணத்தில் பார்க்கிறது. மூக்குக்கு நேரே ஒரு விரலைப் பிடித்து, ஒரு கண்ணை மாறி ஒரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவது தெரியும். இந்த இரண்டு படங்களும் நமக்கு ஏன் குழப்பமாகத் தெரிவதில்லை? மூளை இரண்டையும் சேர்த்து, அவற்றின் வேறுபாட்டிலிருந்தே ஆழத்தைக் கணக்கிடுகிறது என்றார் வீட்ஸ்டன்.

அதை நிரூபிக்க ஒரு கருவியும் செய்தார். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணமாக வைத்து, இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். இடக்கண் ஒன்றையும் வலக்கண் மற்றதையும் மட்டும் பார்க்கும். அப்போது புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அதனால் வெறும் கோட்டு வரைபடங்களையே பயன்படுத்தினார். நிழலோ நிறமோ இல்லாத கோடுகள் கனசதுரமாக எழுந்து நின்றன. ஆழம் தாளில் இல்லை, இரண்டு கண்களின் வேறுபாட்டில் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 1840இல் ரோயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் வழங்கியது.

அதே கட்டுரையில் இன்னொரு விடயத்தையும் அவர் எழுதியிருந்தார். ஒரு கண்ணை இழந்தவருக்கு இந்த வழி அடைபட்டுவிடும். அவர் வேறு வழிகளால் தூரத்தை அறியப் பழகுகிறார், அவற்றில் முக்கியமானது தலையை அசைத்துப் பார்ப்பது என்று குறிப்பிட்டார். நமக்கு இந்த இடம் வெறும் விஞ்ஞானமல்ல. எறிகணைச் சிதறல் ஒரு கண்ணைக் கொண்டுபோனவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கும்போது ஒரு கணம் தயங்குவதும், படியிறங்கும்போது தலையைச் சற்றுச் சரிப்பதும் ஏன் என்பதை 1838இலேயே ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

வீட்ஸ்டனின் கருவி பெரியது, மேசையை அடைப்பது. அதை வீட்டுச் சாமானாக்கியவர் ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர். கண்ணாடிகளுக்குப் பதிலாக வில்லைகளை வைத்து 1849இல் கைக்கு அடக்கமான பெட்டியைச் செய்தார். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் விக்ரோறியா மகாராணி அதை விரும்பிப் பார்த்த பிறகு, அது காட்டுத்தீயாகப் பரவியது. இலட்சக்கணக்கில் விற்றது. 1854இல் இதற்கென்றே லண்டனில் ஒரு கொம்பனி தொடங்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று அவசியம் என்று விளம்பரம் செய்தது. மலைகளும் கோயில்களும் தூர நாடுகளும் இரட்டைப் படங்களாக வரவேற்பறைக்கு வந்தன. புரூஸ்டரோ, அடிப்படைக் கண்டுபிடிப்பே வீட்ஸ்டனுடையதல்ல என்று பத்திரிகையிலும் புத்தகத்திலும் வாதாடினார். பேசக் கூசும் வீட்ஸ்டன் எழுத்தில் தன் பக்கத்தைக் காத்தார். தந்தியிலும் அதே கதைதான். 1837இல் வில்லியம் குக்குடன் சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு யாருக்கு உரிமை அதிகம் என்ற சண்டை நடுவர்கள் வரை போனது.

அந்தப் பெட்டிகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் நமது கேள்விக்கு முக்கியம். சில வருடங்களில் மோகம் குறைந்து, அவை அலுமாரிக்குள் போயின. பிறகு மீண்டும் வந்தன, மீண்டும் போயின. 1950களின் தொடக்கத்தில் ஹொலிவூட் முப்பரிமாணப் படங்களை அள்ளி வெளியிட்டது. சில வருடங்களில் அலை ஓய்ந்தது. 1984இல் மலையாளத்தில் வந்த மைடியர் குட்டிச்சாத்தான் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமானது. 2009இல் அவதார் வந்ததும், அடுத்த வருடமே தொலைக்காட்சிக் கொம்பனிகள் வீட்டுக்கு முப்பரிமாணம் என்று கூவி விற்றன. 2016இல் சாம்சுங் கைவிட்டது. 2017இல் எல்ஜியும் சொனியும் கைவிட்டன. 2018இல் தமிழில் 2.0 முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்டு வந்தபோது, அதை அப்படியே வீட்டில் பார்க்கப் புதிய தொலைக்காட்சி கடைகளில் அருகிவிட்டிருந்தது.

இந்த அலைகள் வீட்டில் நிலைக்காததற்குக் காரணங்கள் உண்டு. பெரும் திரைக்கென்று அளந்து எடுக்கப்பட்ட படத்தின் ஆழம் சின்னத் திரையில் சுருங்கிவிடும். கண்ணாடி வெளிச்சத்தில் பாதியையோ அதற்கு மேலோ விழுங்கும். நிஜ உலகில் கண்கள் எந்தத் தூரத்துக்குச் சாய்கின்றனவோ அதே தூரத்துக்கே கூர்மையும் அமையும். முப்பரிமாணப் படத்தில் கூர்மை திரையில் நிற்க, பார்வை திரைக்கு முன்னும் பின்னும் ஓடவேண்டும். சிலருக்கு வரும் தலையிடிக்கு இது ஒரு முக்கிய காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும். தலையில் மாட்டும் கருவியென்றால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம்.

நம்மவர்களுக்கு வீட்டில் படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. சோதனைச்சாவடிகளும் சுற்றிவளைப்புகளும் இருந்த காலத்தில், பொழுதுபட்டால் வெளியே போகப் பயந்து, கொழும்பில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வீடியோ டெக்கைச் சுற்றி இருந்தன. அம்மம்மாவும், ஊரிலிருந்து வந்து தங்கிய மச்சானும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஒரே படத்தைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் ஒருவரும் வெளியே விடப்படவில்லை.

முப்பரிமாணம் இந்த ஒரு விடயத்தில் கறாரானது. ஒரு கண் இல்லாதவருக்கும், சிறுவயதிலிருந்து மாறுகண் அல்லது சோம்பல் கண் உள்ள பலருக்கும், அந்தக் கண்ணாடி கூடுதலாக எதையும் தராது. மற்றவர்கள் கையை நீட்டி வியக்கும்போது அவர்கள் மங்கலான சாதாரணப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடியைக் கழற்றினால் படம் இரண்டாகத் தெரியும்.

ஆகவே வாங்குவதற்கு முன் கடைக்குப் போகாமல் வீட்டுக்குள் பார்ப்பது நல்லது. ஒவ்வொருவரும் ஒரு பேனையையும் அதன் மூடியையும் கைநீட்டிப் பிடித்து, பக்கவாட்டிலிருந்து மூடியைப் போட்டுப் பார்க்கட்டும். முதலில் இரண்டு கண்களாலும், பிறகு ஒன்றை மூடியும். வித்தியாசமே தெரியாதவருக்கு முப்பரிமாணத்திலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். அவர் கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவதும் நல்லது. பிறகு ஒருநாள் திரையரங்கில் ஒரு படம் பார்த்து, தலையிடி வருகிறதா என்று அறியலாம். ஆசை அடங்காவிட்டால், கைத்தொலைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டி போதும். அது புரூஸ்டரின் பெட்டியேதான், தாளுக்குப் பதில் கைத்தொலைபேசித் திரை. தனியாக இருந்து பார்ப்பவருக்கு, இரண்டு கண்களும் ஒத்துழைப்பவருக்கு, கையில் மிச்சக் காசு இருப்பவருக்கு விலைகூடிய கருவி ஒரு சந்தோசம். குடும்பமாக இருந்து பார்ப்பதற்கென்றால் அந்தக் காசை நல்லதொரு சாதாரணத் திரைக்குக் கொடுப்பதே இலாபம்.

வீட்ஸ்டன் 1847இல் மணமுடித்து ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனானார். 1868இல் சேர் பட்டம் பெற்றார். வேலையாகப் பாரிஸ் சென்றிருந்தபோது நோயுற்று, 1875 ஒக்டோபர் 19ஆம் திகதி அங்கேயே காலமானார். லண்டன் கென்சல் கிறீன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் செய்த பாலம் என்று நாம் படித்தது இன்னொருவருடையது. இன்னொருவருடையது என்று சண்டை நடந்த பார்வைக் கருவி அவருடையது. அடுத்தமுறை கறுப்புக் கண்ணாடி மாட்டும்போது, அதை மாட்ட முடிந்தும் ஒன்றும் தெரியாதவர் பக்கத்துக் கதிரையில் இருக்கக்கூடும் என்பதை முதலில் எழுதியவரும் அவர்தான் என்று நினைத்துக்கொள்ளலாம்.