கோட்டையில் கேட்ட மெட்டு

கட்டணமில்லாமல், திறந்த வெளியில், ஊருக்கே பொதுவாக ஒலிக்கும் இசைக்கு நம் நாட்டில் நெடிய மரபு உண்டு. சுவாமி புறப்பாட்டில் வாசிக்கப்படும் நாகஸ்வரத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. அது வீதியில் நடந்து செல்லும்; கேட்க விரும்புவோர் உடன் நடப்பர். வீணையை அறைக்குள் வைத்து வாசிக்கலாம். நாகஸ்வரமும் எக்காளமும் வானத்தின் கீழ்தான் முழுமை பெறும். அவ்வாறு வெளியில் முழங்கிய அயலார் இசையொன்று ஒரு மேதையின் செவியில் விழுந்தபோது என்ன நேர்ந்தது என்பதை அறிய, முத்துசுவாமி தீட்சிதரின் வாழ்க்கையை நாம் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

தீட்சிதர் 1775-இல் திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர் ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர். திருவாரூர்க் கோயில் வழிபாட்டில் நாகஸ்வரம் எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்ற முறைமையை வகுத்தவர் என்றும் அக்குடும்ப வரலாறு அவரைப் போற்றுகிறது. காற்றுக் கருவியின் ஒழுங்கைப் பேணும் வீட்டில்தான் முத்துசுவாமியும், அவருடைய தம்பியர் சின்னசுவாமி, பாலுசுவாமி ஆகியோரும் வளர்ந்தனர்.

சென்னையை அடுத்த மணலியின் செல்வந்தரான முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஆதரவை நாடி அக்குடும்பம் அங்கே குடியேறியது. அவருக்குப் பின் குடும்பத்தைப் பேணிய அவர் மகன், கிழக்கிந்தியக் கம்பெனியாருடன் தொடர்புடையவர். அவர் வழியாகவே புனித ஜார்ஜ் கோட்டையில் முழங்கிய ஆங்கிலேயப் படைப்பிரிவின் இசையைக் கேட்கும் வாய்ப்பு சகோதரர்களுக்குக் கிட்டியது. குழல்களும் கொம்புகளும் முரசுகளும் கொண்டவை அக்காலப் படை இசைக்குழுக்கள். வீரர்களின் நடைக்கேற்ற நேரான தாளமும், வளைவோ அசைவோ இல்லாத தெளிந்த சுரங்களும் அவற்றின் இயல்பு. வேதமும் வீணையும் பயின்ற இளைஞர்களுக்கு அது முற்றிலும் புதிய ஒலியாக இருந்திருக்க வேண்டும்.

அந்த ஒலியை அவர்கள் வெறுத்து ஒதுக்கவில்லை. அதன் முன் மயங்கித் தம்மை மறக்கவுமில்லை. என்னை வியக்க வைப்பது, சகோதரர் இருவர் தேர்ந்த இரு வேறு வழிகள். பாலுசுவாமி அயலாரின் கருவியை எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதில் நம் ராகங்களை வாசித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியைக் காண்பது அரிது. முத்துசுவாமியோ அயலாரின் மெட்டை எடுத்துக்கொண்டார். அந்த மெட்டுகளுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை இயற்றினார். நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என இன்று அறியப்படும் அவை ஏறத்தாழ 40. சங்கராபரணத்தின் சுரங்களில், கமகங்களின்றி அமைந்தவை.

இவற்றுள் ஒன்று 'ஸந்ததம் பாஹிமாம்'. அதன் மெட்டு, ஆங்கிலேயர் தம் மன்னரை வாழ்த்திப் பாடும் பாடலின் மெட்டு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. 1801-இல் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப்பகுதி கம்பெனியின் கைக்குச் சென்றது. தென்னாடு முழுவதும் அந்நியர் ஆளுகைக்குள் சென்ற அதே தலைமுறையில் வாழ்ந்தவர் தீட்சிதர். அவர் ஆட்சியாளரின் பாட்டிலிருந்து அரசரை அகற்றி, அந்த இடத்தில் சங்கீதத்தின் தெய்வமான சியாமளையை அமர்த்தினார். இதை எதிர்ப்பு என்றும் சொல்ல முடியாது, பணிவு என்றும் சொல்ல முடியாது. விருந்தாக வந்த மெட்டை அதன் உருவம் கெடாமல் வரவேற்று, எவரைப் பாட வேண்டும் என்பதை மட்டும் தாமே முடிவு செய்தார். கமகமே உயிராக விளங்கும் பெருங்கிருதிகளைப் பின்னாளில் படைத்த ஒருவர், இந்த மெட்டுகளின்மீது ஒரு கமகத்தையும் ஏற்றவில்லை என்பது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று.

மணலியிலிருந்து சிதம்பரநாத யோகி அவரைக் காசிக்கு அழைத்துச் சென்றார். குருவின் மறைவுக்குப் பின் தெற்கே திரும்பிய அவர், திருத்தணியில் முருகனைப் போற்றித் தம் முதல் கிருதியை இயற்றினார். 'குருகுஹ' என்பது அவருடைய முத்திரையாயிற்று. அடுத்து அவர் தங்கியது காஞ்சிபுரத்தில். 108 உபநிடதங்களுக்கு உரை கண்ட உபநிஷத் பிரம்மேந்திரரின் நட்பு அவருக்கு அங்கே வாய்த்தது. காமாட்சியையும் ஏகாம்பரநாதரையும் அவர் பாடினார். பிருதிவித் தலத்துக்குரிய பைரவி ராகக் கிருதி இன்றும் அவ்வூரின் பெருமை.

திருவாரூருக்குத் திரும்பிய பின் அவரிடம் பயின்றோரின் பட்டியல் கவனத்துக்குரியது. தஞ்சை நால்வரான சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் நட்டுவ மரபினர். சுத்தமத்தளம் தம்பியப்பன் கோயில் தாளக் கலைஞர். அவருடைய வயிற்று நோய் தீர வேண்டியே நவக்கிரகக் கிருதிகள் பிறந்தன என்பது மரபு. 1835-இல் தீபாவளி நாளன்று தீட்சிதர் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய படைப்புகளை 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற பெருநூலில் பதிவு செய்தவர், பாலுசுவாமியின் பேரரான சுப்பராம தீட்சிதர். 1936-இல் 'தீட்சித கீர்த்தனப் பிரகாசிகை'யை வெளியிட்டவரோ திருப்பாம்புரம் நடராஜசுந்தரம் பிள்ளை என்ற நாகஸ்வரக் கலைஞர். தந்தை வகுத்த ஒழுங்கை ஏற்ற காற்றுக் கருவி, மகனின் இசையைக் காத்துக் கடனைத் தீர்த்தது.

காஞ்சிக்குத் தெற்கே, உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழும் எனக்கு இந்த வரலாறு பழங்கதையாகத் தோன்றவில்லை. எங்கள் பகுதித் திருவிழாக்களில் இரண்டு இசைகள் ஒன்றையொன்று காணாமலேயே கடந்து செல்கின்றன. சுவாமிக்கு முன் நாகஸ்வரமும் தவிலும். திருமண ஊர்வலத்தில் பேண்டு வாத்தியம். முன்னது பழமை என்று ஒதுக்கப்படுகிறது. பின்னது வெறும் இரைச்சல் என்று இகழப்படுகிறது. பேண்டுக் கலைஞர் வாசிக்கும் கிளாரினெட்டும் கோட்டை இசைக்குழுக்களின் வழியில் வந்ததே. அது சதிரில் புகுந்தது, ஏ.கே.சி. நடராஜனின் கைகளில் முழுமையான கச்சேரிக் கருவியாகவும் உயர்ந்தது. ஆனால், அதே கருவியை வீதியில் வாசிப்பவருக்கு நாம் தருவது கூலி மட்டுமே, மதிப்பு அன்று. இந்த நிலை நீடித்தால், இரு தரப்பாரின் பிள்ளைகளும் கருவியைக் கீழே வைத்துவிடுவர்.

இவ்விருவரையும் ஒரே மேடையில் அமர்த்தும் பாட்டை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. நோட்டுஸ்வரங்கள் அதற்கென்றே பிறந்தவை போல் இருக்கின்றன. பேண்டுக் குழுவுக்கு இயல்பான நேர் சுரங்கள். நாகஸ்வரத்துக்கு இயல்பான தெய்வத் துதி. பள்ளிச் சிறுவரும் உடன் பாடக்கூடிய எளிமை. சுருதி வேறுபாடு உண்டு எனினும், சில நாள் ஒத்திகையில் அதைச் சரிசெய்துவிடலாம். நாகஸ்வர வித்வான் ஒருவரை விருந்தினராக அழைத்து, பேண்டு இசைக்குழுவை அவர் முன்னின்று நடத்தட்டும். கட்டணமின்றி, ஊர்ப் பொதுவெளியில், ஆண்டுக்கு ஒரு மாலை போதும்.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியங்கள் அமைத்து, அவற்றுக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்ததைப் பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். பொதுச் சொத்தைப் பேணுவது எப்படி என்பதை அதற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இசையும் பொதுச் சொத்தே என்பதை ஏற்பது மட்டுமே எஞ்சியிருக்கிறது. உள்ளாட்சி அமைப்பும் கோயில் நிர்வாகமும் பள்ளிகளும் கூடிப் பேசினால், வரும் தீபாவளியையொட்டிய தீட்சிதர் நினைவு நாளிலேயே அதைத் தொடங்கிவிடலாம்.