பெயரின்றி வந்த நூல்

1797ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் இலண்டனில் பிறந்தார் மேரி. பெண்ணுரிமைக்காக எழுதிய தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், மகள் பிறந்த 11ஆம் நாள் மறைந்தார். தந்தை வில்லியம் காட்வினின் நூலகமே மகளுக்குப் பள்ளியாயிற்று.

கவிஞர் ஷெல்லியோடு வாழத் தொடங்கிய மேரிக்கு 1815இல் பிறந்த முதற்குழந்தை சில நாள்களிலேயே இறந்தது. மறு ஆண்டு இருவரும் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கினர். முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை கக்கிய சாம்பலும் புகையும் வானெங்கும் பரவியிருந்தமையால், அவ்வாண்டு ஐரோப்பா கோடையையே காணவில்லை. ஓயாத மழையால் வீட்டினுள் அடைபட்டிருந்த நண்பர்களிடம், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் கவிஞர் பைரன். பல நாள் ஒன்றும் தோன்றாது தவித்த மேரியின் மனக்கண்ணில், ஓர் இரவு, தான் உருவாக்கிய உடல் அசைவதைக் கண்டு நடுங்கும் மாணவன் ஒருவன் தோன்றினான். அப்போது அவருக்கு வயது 18.

'பிராங்கன்ஸ்டைன்' என்னும் அப்புதினம் 1818இல் ஆசிரியர் பெயரின்றி 500 படிகளே அச்சாயிற்று. முன்னுரை எழுதிய கணவரே நூலையும் எழுதியிருப்பார் எனப் பலர் கருதினர். 1823இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் மேரியின் பெயர் இடம்பெற்றது. கதையில் வரும் அவ்வுயிருக்கும் பெயரில்லை. படைத்தவனின் பெயரையே அதற்கிட்டு இன்றும் பலர் வழங்குகின்றனர்!

1822இல் ஷெல்லி இத்தாலியக் கடலில் மூழ்கி இறந்தார். பிள்ளைகள் நால்வருள் மகன் ஒருவனே எஞ்சினான். அவனை வளர்க்கப் பணம் தந்த மாமனார், ஷெல்லியின் வாழ்க்கை வரலாற்றை மேரி எழுதலாகாதெனத் தடுத்தார். மேரியோ, 1839இல் கணவரின் கவிதைகளைப் பதிப்பித்தபோது, அவ்வரலாற்றைக் குறிப்புரைகளாகவே எழுதிச் சேர்த்துவிட்டார். 1851 பிப்ரவரி 1ஆம் நாள், 53ஆம் வயதில் இலண்டனில் மறைந்தார்.